வேதாரண்யம் புயல் ஏட்டுக்குக் கைகொடுத்த அனைவருக்கும் நன்றி

அன்புடையீர், வணக்கம்.

வேதாரண்யத்தையும் சுற்றுக் கிராமங்களையும் தாக்கிய புயல், வெள்ளம், கடலேற்றம் பற்றிய ஏடு முடிந்து கட்டுக்குப் போய்விட்டது. புயல் எங்கே கரை கடந்தது என்று அரசுக் குறிப்பில் ஒரு வரி இருக்கும். அந்த இரவில் புஷ்பவனத்தில் என்ன நடந்தது, கோடியக்காட்டில் என்ன நடந்தது என்பது அதில் இருக்காது. அதைத் தந்தவர்கள் நீங்கள். பொத்தாம் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு முடிக்காமல், யார் தந்தது எதற்குப் பயன்பட்டது என்று எழுதுவதுதான் முறை.

முதல் நன்றி ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம், கோடியக்கரை மீனவப் பெரியவர்களுக்கு. காற்றின் வேகத்தைக் கேட்டால் எல்லாரும் "பேய்க்காத்து" என்றுதான் சொல்வார்கள். அதை ஏட்டில் எப்படி ஏற்றுவது? ஆனால் காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டால் மீனவர் பதிலில் பிசகு இருக்காது. நம் கடலில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றி மேற்கே வருகிறது. அதனால் முதலில் வாடை (வடக்கிலிருந்து வரும் காற்று) பிடிக்கும். வாடை திரும்பிக் கச்சான் (மேற்கிலிருந்து வருவது) ஆகிப் பிறகு சோளகம் (தெற்கிலிருந்து வருவது) ஆனால், புயலின் நடு உங்களுக்கு வடக்கே போயிருக்கிறது. வாடை, கொண்டல் (கிழக்கிலிருந்து வருவது), சோளகம் என்று திரும்பினால் தெற்கே போயிருக்கிறது. சட்டென்று காற்று நின்று, சற்று நேரம் கழித்து நேர் எதிர்ப்பக்கமிருந்து அடித்தால், புயலின் நடுவான கண் தலைக்கு மேலேயே போயிருக்கிறது. இரண்டு ஊர்ப் பெரியவர்கள் சொன்ன திசைகளை அடுத்தடுத்து வைத்தாலே புயல் எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் இடையே நுழைந்தது என்று கோடு போட்டுவிடலாம்.

அந்தக் கோட்டைச் சரிபார்க்க உதவியவை தேத்தாகுடி, கருப்பம்புலம் தென்னை விவசாயிகள் 2018 கஜா புயலுக்குப் பின் மரங்களை அறுக்குமுன் எடுத்து வைத்திருந்த படங்கள். தோப்புக்குள் ஒரு மரம் அடுத்ததைச் சாய்க்கும். அதன் திசையை நம்பக்கூடாது. வரப்போரத்தில் தனியாக நின்று வேரோடு பெயர்ந்த மரத்தின் திசையே கணக்கு. மணல் நிலத்தில் முதல் காற்று வேரை ஆட்டித் தளர்த்தும், திரும்பி வரும் காற்று சாய்க்கும். ஆகவே பெரும்பாலும் விழுந்த திசை காட்டுவது இரண்டாம் காற்றையே.

தேதி விஷயத்தில் பழைய பஞ்சாங்கங்களை எடுத்துத் தந்த குருக்களுக்கும், திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் சொன்ன பாட்டிமார்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். "எந்த வருஷம்?" என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. "பண்டிகைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்க வேண்டும். 1952 நவம்பர் 30 புயலைக் கார்த்திகை தீபத்தை ஒட்டியது என்கிறார்கள். பௌர்ணமிக் கணக்கும் ஒத்துப்போகிறது. 1977 நவம்பர் 12 விடியலில் நாகைக்குத் தெற்கே கடந்த புயல், தீபாவளி அமாவாசை கழிந்த கையோடு வந்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கடந்தது ஐப்பசிக் கடைமுழுக்கு நாளில். திதி தெரிந்தால் இன்னொன்றும் தெரியும்: முதல் இரண்டும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, கடல் தானாகவே ஏறி நிற்கும் நாட்களில் வந்தவை. கஜா அட்டமியை ஒட்டி, ஏற்றம் குறைந்த நாளில் வந்தது. அப்படியிருந்தும் ஆறுகாட்டுத்துறையிலும் புஷ்பவனத்திலும் கடல் கரையேறிச் சேற்றைக் கொட்டிப் படகுகளைப் புதைத்தது. பௌர்ணமியில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஏட்டில் எழுதவில்லை, யோசிக்காமலும் இல்லை.

ஒரு குழப்பத்தை இங்கே சொல்லிவிடலாம். 1977-ஐப் பற்றிப் பேசும்போது, அடுத்த வாரம் நவம்பர் 19-இல் ஆந்திரத்தின் திவிசீமையில் நடந்த பேரழிவைப் பற்றி வானொலியில் கேட்டதையும் சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். பண்டிகைக் கேள்விதான் இரண்டையும் பிரித்துக் கொடுத்தது.

மழைக்கணக்கு சொல்லித் தந்த ஓய்வுபெற்ற மழைமானிப் பணியாளருக்குத் தனி நன்றி. காலை 8.30 மணிக்கு அளந்து அன்றைய தேதியில் எழுதும் மழை, முந்தின நாள் 8.30 முதல் பெய்தது. செய்தித்தாளின் தேதியும் பதிவேட்டின் தேதியும் ஒரு நாள் விலகி நிற்பது இதனால்தான். 200 சதுர செ.மீ. வாயுள்ள மழைமானியில் 1 மி.மீ. மழை 20 மில்லி நீர். அதனுள் நீர் சேரும் 4 லிட்டர் குப்பி 200 மி.மீ.யில் நிரம்பிவிடும். புயல் இரவில் அது வழிந்து அடிப்பாத்திரத்தில் தேங்கும். அதையும் சேர்த்து அளக்காவிட்டால் அதிகனமழை வெறும் மிககனமழையாகக் குறைந்துபோகும். 1950-களின் பழைய பதிவுகளில் இருப்பது அங்குலமும் செண்டும். 100 செண்டு ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ.

வெள்ள உயரம் எடுக்க டியூப் மட்டத்தோடு (மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய குழாய்) வந்த கொத்தனார்களுக்கும் வணக்கம். வெளிச்சுவரில் அலை தெறித்த கறை தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே இருக்கும். பூட்டிக் கிடந்த உள்ளறையின் சேற்றுக்கோடுதான் சரியான மட்டம். செங்கல் சுவரில் உப்புப் பூத்த விளிம்பையும் நம்பக்கூடாது. ஈரம் செங்கலுக்குள் ஏறி, நீர் தொடாத உயரத்திலும் உப்பு பூக்கும். டியூபுக்குள் ஒரு சிறு காற்றுக்குமிழ் நின்றாலும் அளவு பொய்க்கும் என்று, ஒவ்வொரு வீட்டிலும் விரலால் சுண்டிக் குமிழை விரட்டிய பிறகே கோடு போட்டார்கள்.

மின்வாரியத் தோழர்கள் சொன்ன ஒரு வாக்கியம் பல பக்கங்களைத் திருத்தியது: மின்சாரம் போன நேரம் புயல் வந்த நேரம் அல்ல, முன்னெச்சரிக்கையாக நாங்களே நிறுத்திவிடுவோம். அகஸ்தியம்பள்ளி உப்பளக்காரர்களின் கணக்கு நோட்டுகளால் எந்தப் புயல் பட்டியலிலும் வராத கோடை மழைகள் ஏட்டில் ஏறின. பாத்தியில் உப்பு வாராத நாட்களைத் தேடினால் போதும், மழை அகப்பட்டுவிடும்.

1955 இராஜாமடம் புயல், 1964 தனுஷ்கோடிப் புயல் ஆகிய இரண்டும் நம் பக்கத்தில் என்ன செய்தன என்ற பக்கங்கள் மெலிந்தே இருக்கின்றன. வீட்டில் அந்நாளைய கடிதமோ, தோப்புக் குத்தகைச் சீட்டோ, நிவாரணம் வாங்கிய ரசீதோ இருந்தால் படம் எடுத்துத் தாருங்கள். மூலத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம். மறுபதிப்பில் சேர்த்துக்கொள்கிறோம்.

நன்றியுடன்,
புயல் ஏடு தொகுப்புக் குழுவினர்,
வேதாரண்யம்.