ஹில்ட் இன்னும் வில்லைக் கீழ வைக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் சார்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மங்கா பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. பசங்க கைல ஜப்பான் பொம்மைப் புக் வந்துருச்சு, அதுல கொலைகாரன்லாம் ஹீரோ, ஒரு சொட்டு கண்ணீர் விட்டா போதும் எல்லாரும் மன்னிச்சுடுறாங்க, இதப் படிச்சா நல்லது கெட்டதே தெரியாமப் போயிடும், மொத்தமா தடை போடணும்னு எழுதியிருந்தாங்க. எழுதினவங்க மேல எனக்குக் கோவம் இல்ல, அவங்க பயம் புரியுது, எனக்கும் பன்னெண்டு வயசுல ஒரு பையன் இருக்கான். ஆனா அந்த ஒரு சொட்டு கண்ணீர்ங்கிற வரி ரெண்டு நாளா உறுத்திக்கிட்டே இருக்கு, ஏன்னா நான் படிச்ச நல்ல மங்காவுல நடக்குறது இதுக்கு நேர் எதிர். அங்க அழுதா மன்னிப்பு கிடைக்காது. செத்தாலும் கிடைக்காது. யாருக்குத் தப்பு பண்ணானோ அவங்க பாக்குற தூரத்துலயே மிச்ச வாழ்க்கைய வாழணும், அவங்க மன்னிச்சாலும் சரி மன்னிக்காட்டியும் சரி.

மூணு கதையச் சொல்றேன். அதுல வின்லாண்ட் சாகா பத்தி கொஞ்சம் அதிகமா சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

மகோதோ யுகிமுரா 2005-ல ஆரம்பிச்சு 2025-ல முடிச்ச கதை அது, இருபது வருஷம், 29 தொகுதி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி, வட ஐரோப்பாவுல இருந்து கப்பல்ல வந்து கொள்ளையடிச்ச வைக்கிங் ஆளுங்க காலம். தோர்ஃபின்னு ஒரு ஐஸ்லாந்துப் பையன், அவங்க அப்பா தோர்ஸ அஸ்கெலாட்னு ஒரு கூலிப்படைத் தலைவன் அவன் கண்ணு முன்னாடியே சூழ்ச்சி பண்ணிக் கொல்றான். பழிவாங்கணும்னு பையன் அந்தக் கூட்டத்தோடவே ஒட்டிக்கிட்டுத் திரியுறான், அஸ்கெலாட் சொல்ற வேலைய முடிச்சுக் குடுத்தா அதுக்குக் கூலி அவன்கூட ஒத்தைக்கு ஒத்தை ஒரு சண்டை, அதுல நேர்மையா ஜெயிச்சு அவனக் கொல்லணும், அதான் இவன் கணக்கு. இந்த ஒரு கணக்குக்காக பத்து வருஷத்துக்கு மேல ஊர் ஊரா எத்தன பேரக் கொன்னான்னு அவனுக்கே தெரியாது. அவன்மேல எந்தப் பகையும் இல்லாத ஜனங்க, வயல்ல வேலை பாத்துட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தவங்க.

அஸ்கெலாட்டையும் சும்மா வில்லன்னு ஒதுக்க முடியல. அவங்க அம்மா வேல்ஸ் நாட்டுக்காரங்க, டேனிஷ்காரன் ஒருத்தன் வீட்ல அடிமையா கிடந்தவங்க. கடைசில அந்த வேல்ஸுக்காகவும் டென்மார்க் இளவரசன் கனூட்டுக்காகவும், கனூட்டோட அப்பாவான ராஜாவையே வெட்டிட்டு சாகுறான். சாகுற நேரத்துல தோர்ஃபின்னப் பாத்து, நான் செத்தப்புறம் நீ என்ன பண்ணப் போற, அத யோசிச்சியான்னு கேக்குறான். பையனோட அப்பாவக் கொன்னவனும் அவன்தான், அதுக்கப்புறம் அப்பா இடத்துல இருந்து அவன வளத்த மாதிரி ஆகிப்போனவனும் அவன்தான். நம்ம சினிமாவா இருந்தா ஹீரோவுக்கு வர்ற குண்ட நெஞ்சுல வாங்கிட்டு செத்தவன் புனிதமாயிடுவான், அதோட கணக்கு முடிஞ்சுது. இங்க அஸ்கெலாட் எவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டு செத்தாலும் அவன் எரிச்ச கிராமம் எரிஞ்சதுதான்.

அப்புறம்தான் எனக்குப் பிடிச்ச பகுதி. தோர்ஃபின் அடிமையா விக்கப்பட்டு டென்மார்க்ல ஒரு பண்ணைக்கு வந்து சேருறான். கூட ஐனார்னு இன்னொரு அடிமை, இங்கிலாந்துல விவசாயம் பாத்துக்கிட்டு இருந்தவன், அவனோட அம்மாவையும் தங்கச்சியையும் அழிச்சது தோர்ஃபின் இருந்த மாதிரி ஒரு கூட்டம்தான். ரெண்டு பேரையும் ஒரு காட்டக் காட்டி இத வெட்டித் திருத்தி கோதுமை போடுங்க, வெளஞ்சத வித்து உங்க விடுதலைய நீங்களே வாங்கிக்கலாம்னு பண்ணைக்காரர் சொல்றார். யுகிமுரா அடுத்து தொகுதி தொகுதியா வரையுறது என்ன தெரியுமா, மரம் வெட்டுறது, அடிக்கட்டையத் தோண்டி எடுக்குறது, வேரோட மல்லுக்கட்டுறது, குதிர கெடச்சதும் அவங்க படுற சந்தோஷம், மொத மொத மொளை விட்ட கோதுமைய ரெண்டு பேரும் குனிஞ்சு பாக்குறது. சண்டைக்காகப் படிக்க வந்தவங்க நிறைய பேர் இந்த இடத்துல போர் அடிக்குதுன்னு விட்டுட்டுப் போயிடுவாங்க. நான் இந்த இடத்துலதான் உள்ளயே போனேன்.

ஏன்னா பகல்ல தோர்ஃபின் மண்ண வெட்டுறான், ராத்திரி தூக்கத்துல அலறுறான். எதுக்கு அலறுறான்னு எழுந்தா ஞாபகம் இருக்காது. ஒரு நாள் அந்தக் கனவுக்குள்ளயே முழுசா விழுந்துடுறான், அங்க செத்தவங்க எல்லாம் முடிவே இல்லாம ஒருத்தர ஒருத்தர் வெட்டிக்கிட்டு இருக்காங்க, இவன் கொன்னவங்க அத்தன பேரும் இவன் காலப் புடிச்சுத் தொங்குறாங்க. அங்கயும் அஸ்கெலாட்தான் வர்றான், இவங்க எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு மேல ஏறுன்னு சொல்றான். மன்னிச்சுட்டோம் போன்னு செத்தவங்க யாரும் சொல்லல, சொல்லவும் முடியாது இல்லையா. எழுந்ததும் பக்கத்துல உக்காந்திருக்குறது ஐனார். இவன மாதிரி ஆளுங்களால குடும்பத்தையே இழந்த ஐனார். நான் இதுவரைக்கும் எந்த நாவல்லயும் ரெண்டு பேரோட நட்ப இப்படி ஒரு எடத்துல வச்சுப் படிச்சதில்ல சார்.

அதுக்கப்புறம் தோர்ஃபின் கை ஓங்குறதில்லன்னு முடிவு எடுக்குறான். கனூட் இப்ப ராஜா ஆகி படையோட பண்ணையப் புடுங்க வர்றப்ப, அவரப் பாத்துப் பேச விடுங்கன்னு கேக்கப் போய், காவல்காரன்கிட்ட நூறு அடி வாங்குறான், ஒண்ணு கூடத் திருப்பி அடிக்கல, எனக்கு எதிரின்னு யாரும் இல்லன்னு சொல்றான். இந்தக் காட்சி உலகம் பூரா ஃபேமஸ், என் பையன் போன்ல கூட இருக்கு. ஆனா இதோட கதைய முடிச்சிருந்தா உங்க கட்டுரை சொன்னது சரின்னு நானே சொல்லியிருப்பேன். கெட்டவன் திருந்திட்டான், நல்ல வசனம் பேசிட்டான், கைதட்டு.

யுகிமுரா அப்படி விடல. இவன் சுதந்திரம் ஆகி, சண்டையும் அடிமையும் இல்லாத ஒரு ஊர கடல் தாண்டி வின்லாண்ட்ல, அதாவது இன்னைக்கு வட அமெரிக்கான்னு சொல்ற பக்கம், கட்டணும்னு கிளம்புறான், அதுக்குப் பணம் தேடி நார்வே பக்கம் வர்றப்ப ஹில்ட்னு ஒரு பொண்ணு எதிர்ல வர்றா. வேட்டைக்காரி, புதுசு புதுசா கருவி செய்யுற மூளை உள்ளவ, கைல அவளே செஞ்ச குறுக்குவில். அவ அப்பாவ அவ கண்ணு முன்னாடி கொன்னது தோர்ஃபின். இவன் அப்பாவ அஸ்கெலாட் கொன்ன மாதிரியே. பக்கத்த திருப்பிட்டு கொஞ்ச நேரம் நான் புக்க மூடி வச்சுட்டேன், ஏன்னா இத்தன தொகுதியா நான் இவன் பக்கம் நின்னு இவனுக்காக உருகிக்கிட்டு இருந்தேன், இப்ப இவன் பழைய கணக்கு ஒரு முகத்தோட வந்து நிக்குது, அந்த முகம் பண்றதுல ஒரு தப்பும் இல்ல.

அவ இவன் கால்ல அம்பு விடுறா. இவன் என்ன சொல்றான்னா, நான் பண்ணேன், ஆனா நான் பாக்க வேண்டிய வேலை ஒண்ணு இருக்கு, அதுக்கு உயிரோட இருக்கணும். கொல்ல வேண்டிய கடைசி நொடில அவ செத்துப்போன அப்பாவையும் வேட்டை கத்துக்குடுத்தவரையும் நெனச்சு நிறுத்துறா. நிறுத்திட்டு மன்னிச்சுட்டேன்னு சொல்லல. நீ சொன்ன மாதிரி வாழுறியான்னு நான் கூடவே வந்து பாப்பேன், தடம் மாறினா அன்னைக்கு அம்பு விடுவேன்னு சொல்லிட்டு அதே கப்பல்ல ஏறுறா. அவங்க கூடவே சாப்பிடுறா, வேலை செய்யுறா, வில் கைல இருக்கு. இது அன்பான்னு கேட்டா எனக்குப் பேர் வைக்கத் தெரியல, ஆனா ரெண்டு மனுஷங்களுக்கு நடுவுல இதவிட உண்மையான ஒரு ஒப்பந்தம் நான் பாத்ததில்ல. அவளுக்கு இவன் வாழ்ந்து காட்டியே ஆகணும், இவனுக்கு அவ பாத்துக்கிட்டே இருக்கணும். அப்புறம் அவங்களுக்குள்ள என்ன ஆச்சுன்னு நான் சொல்லப் போறதில்ல, படிக்கிறவங்க படிச்சுக்கட்டும்.

பரிகாரம்னு சொன்னா நாம உடனே விளக்குப் போடுறது, அன்னதானம், எள்ளு சோறுன்னு போயிடுறோம். கழுவாய்னு பழைய தமிழ்ச் சொல் ஒண்ணு இருக்கு, புறநானூத்துலயே வருது. எனக்கு அந்தச் சொல்லப் பாக்குறப்ப எல்லாம் தோர்ஃபின் வேர் தோண்டுறதுதான் ஞாபகம் வருது, ஒரே முழுக்குல போற அழுக்கு இல்ல அது.

அடுத்தது ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட், ஹிரோமு அரகாவா 2001-ல இருந்து 2010 வரைக்கும் வரைஞ்சது, ஹொக்கைடோவுல மாட்டுப் பண்ணைல வளந்தவங்க அவங்க. இதுல ஒரே ஒரு காட்சி மட்டும் சொல்றேன். கதைல வர்ற இஷ்வால்ங்கிற பகுதி ஜனங்கள ராணுவம் கொன்னு குவிச்சதுல தப்பிச்ச ஸ்கார்னு ஒருத்தன், அந்த வெறில தனக்கே வைத்தியம் பாத்த டாக்டர் புருஷன் பொண்டாட்டியக் கொன்னுடுறான். அவங்க பொண்ணு வின்ரி, வருஷங்கள் கழிச்சு அவன நேருக்கு நேர் பாக்குறா, அவன் கைல ரத்தம் ஒழுகுது. துணிய எடுத்துக் கட்டு போட்டு விடுறா, எங்க அப்பா அம்மா இருந்தா இததான் செஞ்சிருப்பாங்கன்னு. கட்டிட்டு, தப்பா நெனச்சுக்காத, உன்ன நான் மன்னிக்கலன்னு சொல்றா. அவ்வளவுதான். ஸ்காரும் சமாதானம் சொல்லல, எது சொன்னாலும் அது சாக்குதான்னு அவனுக்குத் தெரியும். கட்டு போட்ட கையோட அவன் அங்கேர்ந்து வேற ஆளா போறான்.

மூணாவது எ சைலண்ட் வாய்ஸ், யோஷிதோகி ஓஇமா, 2013-14, ஏழே தொகுதி. இதுல வாள் இல்ல, கொலை இல்ல, ஒரு ஸ்கூல். ஷோயான்னு ஒரு பையன், காது கேக்காத ஷோகோங்கிற பொண்ண ஆறாங்கிளாஸ்ல படாத பாடு படுத்துறான், அஞ்சு மாசத்துல எட்டு ஹியரிங் எய்ட் போச்சு. ஷோயாவோட அம்மா அதுக்குப் பதினேழு லட்சம் யென் கொண்டு போய்க் கட்டிட்டு காதுல ரத்தத்தோட திரும்பி வர்றாங்க. கூட சேந்து சிரிச்ச கிளாஸே அப்புறம் இவன ஒதுக்குது. பெரியவனாகி அவளத் தேடிப் போறான், அதுக்கு முன்னாடியே சைகை மொழி கத்துக்கிட்டுப் போறான். இந்தக் கதைய மொதல்ல ஒரு சின்னக் கதையா வரைஞ்சப்ப பத்திரிகை போடவே தயங்குச்சு, ஜப்பான் காதுகேளாதோர் கூட்டமைப்போட கலந்து பேசின பிறகு 2011-லதான் அது வெளிவந்தது.

இந்தக் கதைய நான் சும்மா படிக்க முடியாது சார். எட்டாங்கிளாஸ்ல என் பெஞ்ச்ல ஒருத்தன் இருந்தான், அவனுக்குத் திக்குவாய். அட்டெண்டன்ஸ் எடுக்குறப்ப உள்ளேன் ஐயா சொல்ல அவனுக்கு நேரம் ஆகும், அதுக்குள்ள நான் அவன மாதிரியே திக்கித் திக்கி சொல்லிக் காட்டுவேன், கிளாஸே சிரிக்கும். வருஷம் முழுக்க. அடுத்த வருஷம் அவன் வேற ஸ்கூலுக்குப் போயிட்டான். மங்காவ முடிச்ச வேகத்துல அவன விசாரிச்சுத் தேடிப் போனேன், எலக்ட்ரிகல் கடை வச்சிருக்கான். நின்னு மன்னிப்பு கேட்டேன், கண்ணுல தண்ணி வேற. அவன் கேட்டுட்டு மெதுவா சொன்னான், சொல்லிட்ட, உனக்கு பாரம் எறங்கிடுச்சு, எனக்கு இப்பதான் மறுபடியும் எல்லாம் ஞாபகம் வருது. பதில் சொல்ல எனக்கு வாய் வரல. ஒரு சொட்டு கண்ணீருக்கு அங்க என்ன மதிப்புன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது.

அப்புறம் வீட்டுக்கு ஒரு சுவிட்சு, ஒரு மீட்டர் ஒயர் வேணும்னாலும் ரெண்டு பஸ் மாறி அவன் கடைக்குத்தான் போறேன். அவன் பேச ஆரம்பிச்சா அந்த வார்த்தைய அவனே முடிக்கிற வரைக்கும் நான் வாயத் தொறக்குறதில்ல, முன்னாடி எடுத்துக் குடுக்குறதும் இல்ல. நாலு வருஷம் ஆச்சு. நண்பன்னு நான் சொல்லிக்க மாட்டேன். போன தீபாவளிக்கு அவன் பொண்ணுகிட்ட என்னக் காட்டி, இவரு என்கூடப் படிச்சவருன்னு மட்டும் சொன்னான்.

கட்டுரை எழுதினவங்க சொன்னதுல பாதி சரிதான், அதையும் ஒத்துக்குறேன். ஊரையே கொன்னவனுக்கு நாலு பக்கம் சோகமான சின்ன வயசுக் கதை போட்டு, உடனே ஹீரோ கூட்டத்துல சேத்துக்குற மங்காவும் நிறைய இருக்கு, செத்தவங்களப் பத்தி அப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க. எனக்கும் அது ஆகாது. என் பையன்கிட்ட அதப் படிக்காதன்னு சொல்றதில்ல, செத்தவங்க வீட்ல இப்ப யாரு இருக்காங்கன்னு மட்டும் கேப்பேன், அவன் யோசிக்கிறான். ஆனா அதையும் இதையும் ஒரே தட்டுல வச்சு மொத்தத்துக்கும் தடை போடுங்கன்னு எழுதாதீங்க. 1972-ல முத்து காமிக்ஸ், 1984-ல லயன் காமிக்ஸ்னு வந்து, காசு சேத்து வச்சுப் படக்கதை வாங்கிப் படிச்ச ஜனங்க நாம, உங்க வாசகர்கள்லயே எத்தனையோ பேர் அதுல எழுத்துக் கூட்டிப் படிச்சவங்க இருப்பாங்க. சினிமாவுக்கு வாரா வாரம் விமர்சனம் போடுறீங்க, மாசத்துக்கு ஒண்ணு மங்காவுக்கும் போடுங்க, நல்லது எது மோசம் எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க, பெத்தவங்களுக்கு அதான் வேணும். ஊர்ல இருக்குற நூலகத்துக்கு இந்த மூணையும் வாங்கச் சொல்லியும் எழுதுங்க, இங்கிலீஷ் பதிப்பு விலை எல்லாராலயும் வாங்க முடியாது.

வின்லாண்ட் சாகா என்கிட்ட இருக்கு. கட்டுரை எழுதினவங்க படிக்க விரும்பினா உங்க ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்பி வைக்கிறேன், படிச்சுட்டுத் திருப்பிக் குடுத்தா போதும். ஹில்ட் வர்ற பக்கத்துல ஒரு பஸ் டிக்கெட் வச்சிருக்கேன், அதுல இருந்து ஆரம்பிச்சுடாதீங்க, மொதல்ல இருந்து வாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்,
திருச்சி