நனைந்த நிலப்படங்களைக் காத்த நல்லோருக்கு நன்றி

அன்புடையீர்,

வடகிழக்கு இங்கிலாந்திலுள்ள நம் கிழக்கு டர்ஹாம் நிலக்கரி வட்டாரத்தின் பழைய நிலப்படங்களில் ஒரு தாளைக்கூட இழக்கவில்லை என்று காகிதப் பாதுகாப்பு வல்லுநர் நேற்று உறுதியாகச் சொன்ன பிறகே இம்மடலை எழுத அமர்ந்தேன். நம் தொகுப்பிலுள்ள அத்தாள்கள் நீரில் நனைந்துபோனதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடி விவரிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் நன்றி, கடைத்தெருவில் மீன் பொரித்து விற்கும் அன்பருக்கு. நனைந்த காகிதத்தில் இரண்டொரு நாளில் பூஞ்சை பிடித்துவிடும், உடனே உறைய வைத்தால்தான் அவகாசம் கிடைக்கும் என்று தெரிந்தும், பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:2500 அளவைத் தாள்களை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று திகைத்து நின்றோம். ஒவ்வொன்றும் 38 அங்குல நீளம், 25 அங்குலத்துக்கு மேல் அகலம். எங்கள் வீட்டு ஃப்ரீசர்களில் அவை அடங்கா. அவரிடம் நாங்கள் உதவி கேட்கவே இல்லை. அன்று வெள்ளிக்கிழமை, அவருக்கு வாரத்திலேயே வியாபாரம் மிகுந்த மாலை. செய்தி கேட்டு வந்தவர், "மடிக்கலாமா, தட்டையாகத்தான் வைக்க வேண்டுமா?" என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டதும் திரும்பிப் போய், தம் பெரிய ஃப்ரீசரில் இருந்த மீன் முழுவதையும் வெளியேற்றித் துடைத்து, அடியில் பலகை பரப்பி, பாலித்தீன் சுற்றிய கட்டுகளைத் தம் கையாலேயே அடுக்கினார். இழப்புக்கு ஈடாக நாங்கள் நீட்டிய பணத்தை அவர் தொடவில்லை.

அவர் காத்தது என்ன என்பதை அவருக்கே சொல்ல விரும்புகிறேன். இப்படங்களின் அச்சு வடிவத்தை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் எவரும் காணத் தந்திருக்கிறது. நம் தாள்களின் அருமை, சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் அவற்றின்மேல் எழுதிவைத்த குறிப்புகளில் இருக்கிறது. 1850களில் அளந்த முதற்பதிப்பில் ஈசிங்டன் கடலோரம் வெறும் வயல். 1899இல் அங்கே சுரங்கக் குழி தோண்டத் தொடங்கிய பின் வந்த பதிப்பிலோ ரயில் பாதையும் வரிசை வீடுகளும் நெருக்கி நிற்கின்றன. 1951 மே 29 அன்று அச்சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் மாண்ட 83 பேரில் சிலருடைய வீடுகளுக்கு மேல் யாரோ சிறு சிலுவை இட்டிருக்கிறார்கள். கைவிடும் சுரங்கங்களின் வரைபடங்களை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற சட்டம் 1872இல்தான் வந்தது. அதற்கு முந்தைய குழிகள் சிலவற்றுக்குப் படத்தில் உள்ள 'பழைய குழி' என்ற சொல்லும் அதைச் சுற்றிய பென்சில் வட்டமுமே நம்மிடம் உள்ள சாட்சி. டர்ஹாம் மாவட்ட மன்றத்தின் 1951ஆம் ஆண்டு வளர்ச்சித் திட்டம் 'டி' பிரிவில் சேர்த்துப் புது முதலீட்டை மறுத்த 100க்கும் மேற்பட்ட ஊர்களுள் சில இடிக்கப்பட்டுவிட்டன. அங்கே பிறந்த முதியவர்கள் தம் வீட்டு வாசலை விரல் வைத்துக் காட்டுவது இத்தாள்களில்தான். சிவப்பு மைக் குறிப்புகள் கரைந்துவிட்டன, அது வருத்தமே. பென்சில் எழுத்து நீருக்கு அசையவில்லை.

படிக்கட்டில் வரிசையாக நின்று கட்டுகளைக் கைமாற்றிய இளைஞர்கள், மையொற்றுத்தாள் தேடித் தந்த ஆசிரியை, உலர்த்த மண்டபம் திறந்த மெதடிஸ்ட் தேவாலயத்தார், விடியும்வரை தேநீர் கொடுத்த தாய்மார்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தாள்கள் ஒவ்வொன்றாக உலர்ந்து வரவர, அவற்றின் பென்சில் குறிப்புகளை எல்லாம் படியெடுத்து, ஒரு தொகுதியை மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குக் கொடுப்பேன் என்று உங்கள் முன் உறுதி கூறுகிறேன். கரைந்துபோன சிவப்புக் குறிப்புகளை நினைவில் வைத்திருப்பவர்கள் வந்து சொன்னால், அவற்றையும் பென்சிலால் எழுதிச் சேர்ப்பேன்.