ஸ்லிம் ஷேடியின் சாவு பற்றிச் சண்டை போடும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

அமெரிக்க ராப் பாடகர் எமினெம், தான் உருவாக்கிய அடாவடிப் பாத்திரமான ஸ்லிம் ஷேடியைச் சாகடிக்கும் 'தி டெத் ஆஃப் ஸ்லிம் ஷேடி' ஆல்பம் பற்றி ஒருவர் மாஸ்டர்பீஸ் என்கிறார், இன்னொருவர் குப்பை என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருந்தாய். இரண்டு பேரையும் நம்பலாம். முதலாமவர் எதுகையைக் கேட்டிருப்பார், இரண்டாமவர் டிரம்ஸைக் கேட்டிருப்பார். மூன்றாவதாக ஒருவர் கதையைத் தொடர்ந்திருப்பார். மிச்சம் இருக்கிற பெருங்கூட்டம் 2000-இல் கேட்ட குரலைத் தேடிக்கொண்டிருக்கும். எவர் எதைக் கேட்டுவிட்டுப் பேசுகிறார் என்று பிரித்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

அதற்கு முன் ஒரு விஷயம். ஷஃபிளில் கேட்டேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, இந்த ஆல்பத்துக்கு அது ஆகாது. 2024 ஜூலை 12-இல் வெளியாவதற்கு முன்பே, இது ஒரு கதை, வரிசை மாற்றிக் கேட்டால் புரியாமல் போகலாம் என்று எமினெமே எச்சரித்திருந்தார். மொத்தம் 19 தடங்கள், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். செப்டம்பரில் வந்த விரிவான பதிப்பு வேண்டாம், முதல் பதிப்பையே எடு. ஷஃபிளையும், பாட்டோடு பாட்டை இழைத்துவிடும் கிராஸ்ஃபேடையும் அணைத்துவிடு. ஒலி அளவைச் சமன்செய்யும் வசதியைப் போட்டுக்கொள். அது இல்லாமல் பழைய ஆல்பத்தோடு ஒப்பிட்டால், சத்தம் கூடுதலாக இருக்கிற பாட்டுத்தான் நல்ல பாட்டு என்று காது ஏமாறும். கெட்ட வார்த்தை நீக்கிய பதிப்பைத் தொடவே தொடாதே. இந்த மனிதர் எதுகையைக் கொண்டுபோய் வைப்பதே பெரும்பாலும் அந்த வார்த்தைகளில்தான். அவை விழுந்த இடத்தில் தாளமும் நொண்டும்.

ஃபோன் ஸ்பீக்கரும் உதவாது. பேஸ் இறங்கும் 50, 60 ஹெர்ட்ஸ் ஒலி அதில் வரவே வராது. பின்னணி இசையான பீட்டில் கனமே இல்லை என்று எழுதுகிறவர்களில் ஒரு பகுதியினர் கேட்டது ஆல்பத்தையே அல்ல, அந்த ஸ்பீக்கரை.

இனி விஷயத்துக்கு வருவோம். முதல் தடமான 'ரெனசான்ஸ்' கேட்போரைப் பற்றியதுதான். ராப்பர் கென்ட்ரிக் லமாரின் ஆல்பத்தில் ஆடவைக்கும் பாட்டு இல்லை, இன்னொரு ராப்பர் ஜே. கோலின் ஆல்பத்தில் பீட் பிடிக்கவில்லை என்று எதைக் கேட்டாலும் குறை சொல்லும் ரசிகர்களை வரிசையாக நிறுத்தி நக்கலடிக்கிறார். தன் புதுப் பாட்டு அதைவிட மோசம் என்று அவர்கள் சொல்வதையும் அதே மூச்சில் சேர்த்துக்கொள்கிறார். விமர்சனம் வருவதற்கு முன்பே ஆல்பத்துக்குள் பதில் வந்துவிட்டது. இவரிடம் இது பழைய பழக்கம். 2009-இல் 'ரீலாப்ஸ்' ஆல்பத்தில் பெரும்பாலும் வினோத உச்சரிப்பில் பாடினார், ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த ஆண்டு 'ரெக்கவரி'யில் அந்த உச்சரிப்பைத் தானே கேலி செய்து கைவிட்டார். 2017 டிசம்பரில் 'ரிவைவல்' அடி வாங்கியது. 2018 ஆகஸ்ட் கடைசியில் முன்னறிவிப்பே இல்லாமல் 'காமிகாசி' வந்தது, முக்கால்வாசியும் அடித்தவர்களுக்குப் பதிலடி. கேட்போரின் கருத்து இவருக்கு அடுத்த ஆல்பத்தின் கச்சாப்பொருள். இதில் எனக்கு ஒரு சலிப்பு உண்டு. ஐம்பத்தொரு வயதில், இத்தனை கோடி விற்ற பிறகும், முகம் தெரியாத யாரோ போட்ட ஒற்றை வரிக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டுமா என்று தோன்றும். ஆனாலும் ரெனசான்ஸ் நல்ல ராப். பல்லவி என்று ஒன்று கிடையாது, நேராக இறங்கி நேராக முடிகிறது.

நீ அதிகம் பார்த்திருக்கக்கூடிய புகார், ஃப்ளோ துண்டுதுண்டாக இருக்கிறது என்பது. இந்தப் புகார் சரிதான். ஆனால் அது எதனால் என்று சொல்கிறவர்கள் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ராப்பில் ஒரு பார் என்றால் நான்கு அடி. ஒவ்வோர் அடியையும் நான்காகப் பிரித்தால் பதினாறு இடம். ஓர் அசையை இதில் எந்த இடத்தில் வைக்கிறான், எந்த இடத்தைக் காலியாக விடுகிறான் என்பதுதான் ஃப்ளோ. 'தி ரியல் ஸ்லிம் ஷேடி' நிமிடத்துக்கு ஏறத்தாழ 104 அடி வேகத்தில் ஓடுகிற பாட்டு. ஒரு பாருக்கு 2.3 விநாடி, பதினாறு பார் கொண்ட ஒரு சரணத்துக்கு 37 விநாடி. அந்தக் காலத்து எமினெம் வாக்கியத்தைப் பேச்சு போகிற போக்கில் விடுவார். எதுகை அடியின்மேல் தானாக வந்து உட்கார்ந்ததுபோல இருக்கும். இரண்டாயிரத்துக்குப் பின் எதுகை நீண்டுகொண்டே போனது. கடைசி ஒரு அசை ஒத்துப்போனால் போதும் என்ற நிலை மாறி, நான்கு அசை, ஐந்து அசை, சில இடங்களில் வரி முழுவதுமே அடுத்த வரியோடு ஒலிக்க வேண்டும் என்றாயிற்று. அப்படிக் கட்டிய சொற்கள் பதினாறு இடத்தில் இயல்பாக உட்காராது. உட்கார வைக்கச் சொல்லை நடுவில் வெட்ட வேண்டும், சாதாரணமாக அழுத்தம் விழாத அசையில் அழுத்த வேண்டும், பொருள் முடியாத இடத்தில் மூச்சு விட வேண்டும். நம் யாப்பில் இதற்கு வகையுளி என்று பெயர் இருக்கிறது. சீருக்காகச் சொல்லைப் பிளப்பது. வெண்பாவில் எங்கோ ஒன்று வந்தால் பொறுத்துக்கொள்வோம், அடிக்கு இரண்டு வந்தால் புலவரைத் திட்டுவோம். இங்கேயும் அதே கதைதான்.

இதோடு பதிவு செய்யும் முறையும் சேர்கிறது. எதுகை விழும் சொற்களை மட்டும் இரண்டாம் முறை பாடி முதல் குரலின்மேல் ஒட்டுவார்கள், டபுள் என்பது இதுதான். வெட்டிய அசைகளுக்கு டபுள் விழும்போது வெட்டு இன்னும் கூர்மையாகக் கேட்கும். சோதித்துப் பார்க்க வேண்டுமானால் ஒரே ஒரு சரணத்தை எடு. முதல் முறை சொற்களைக் கவனிக்காமல் விரலால் மேசையில் அடி தட்டு. இரண்டாம் முறை அவர் மூச்சு விடும் இடங்களில் மட்டும் தட்டு. மூச்சு வாக்கியத்தின் முடிவில் வந்தால் ஃப்ளோ ஓடும். வாக்கியத்தின் நடுவே வந்துகொண்டே இருந்தால் துண்டுபட்டுக் கேட்கும். 'ஃபியூயல்' பாட்டில் விருந்தாளியாக வரும் ராப்பர் ஜேஐடி பாடும் பகுதியையும் அதன்பின் எமினெம் வரும் பகுதியையும் இப்படித் தட்டிப் பார், வித்தியாசம் விரலிலேயே தெரியும். ஜேஐடியும் வேகம்தான், ஆனால் இடம் விட்டுப் போகிற வேகம். அந்த ஒரு பாட்டில் வயதானவர் விருந்தாளியிடம் தோற்றுவிட்டார் என்று நிறையப் பேர் சொன்னதை நான் மறுக்க மாட்டேன். எண்ணிக்கையில் தோற்கவில்லை, இடைவெளியில் தோற்றார். எண்ணிக்கையில் அவரைத் தோற்கடிப்பது கடினம். 2013-இல் வந்த 'ராப் காட்' 6 நிமிடம் 4 விநாடியில் 1,560 சொல் என்று கின்னஸில் ஏறியது.

பீட் பற்றிய புகாரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆரம்ப ஆல்பங்களில் டாக்டர் டிரேவும் பாஸ் சகோதரர்களும் இசையைப் பார்த்துக்கொண்டார்கள். பின்னாளில் எமினெமும் லூயிஸ் ரெஸ்டோவும் சேர்ந்து செய்தது அதிகம். இவர்களின் டிரம்ஸ் ஒழுங்காக இருக்கும், ஆனால் அசையாது. டிரேயின் கை பட்ட 'லூசிபர்' வரும்போது ஆல்பமே சட்டென்று தோளைக் குலுக்குவதை நீயே உணர்வாய். 'ஹூடினி' வேறு வகை. ஸ்டீவ் மில்லர் பேண்டின் 1982-ஆம் ஆண்டு 'ஆப்ரகடாப்ரா' மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அதன்மேல் ஓட்டியது. வானொலிக்கு ஏற்ற வியாபாரப் பாட்டு, அமெரிக்க ஹாட் 100 பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. இதை வைத்து மொத்த ஆல்பத்தையும் எடை போட்டவர்கள் இரண்டு பக்கமும் ஏமாந்தார்கள்.

நகைச்சுவை இருபது வருடம் பழசு என்கிறார்கள். 'பிராண்ட் நியூ டான்ஸ்' விஷயத்தில் இது எழுத்துக்கு எழுத்து உண்மை. விபத்தில் உடல் செயலிழந்த 'சூப்பர்மேன்' நடிகர் கிறிஸ்டோபர் ரீவை வைத்துப் பின்னிய அந்தப் பாட்டு 'என்கோர்' காலத்துச் சரக்கு. 2004 அக்டோபரில் ரீவ் இறந்துபோக, நவம்பரில் வந்த ஆல்பத்தில் அது சேரவில்லை. கதைப்படி பார்த்தால் அதற்கு இங்கே ஒரு காரணம் இருக்கிறது. காலத்தில் உறைந்துபோன ஸ்லிம் ஷேடி திரும்பி வந்து, இன்றைக்கு எதைச் சொல்லக் கூடாதோ அதையெல்லாம் சொல்கிறான், எமினெமின் நிஜப் பெயரில் வரும் மார்ஷல் தடுக்கப் பார்க்கிறார். அதனால் ஜோக் புளித்திருப்பது பாத்திரத்துக்குப் பொருந்தும் என்று ரசிகர்கள் வாதாடுகிறார்கள். அரைவாசி ஒப்புக்கொள்வேன். ஒரு முறை புளித்தால் அது பாத்திரம். திருநங்கையான கெயிட்லின் ஜென்னரையும் மாற்றுத்திறனாளிகளையும் பாட்டுக்குப் பாட்டு இழுத்தால் எழுதுகிறவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்றுதான் பொருள். இந்தத் தலைமுறை தன்னைத் தடைசெய்யப் பார்க்கிறது என்ற புலம்பலும் அப்படியே. அத்தனை பெரிய தடை எதுவும் வரவில்லை என்பதுதான் அதில் இருக்கிற ஒரே நகைச்சுவை.

எனக்கு உண்மையான குறை வேறு இடத்தில் தெரிகிறது. அதற்கு முன் 13-ஆவது தடம், 'கில்ட்டி கான்ஷியன்ஸ் 2'. 1999-இல் டிரேவும் ஷேடியும் மனசாட்சியின் இரண்டு பக்கமாக நின்று வாதாடிய பாட்டின் தொடர்ச்சி. இந்த முறை வாதாடும் இருவருமே எமினெம்தான். ஷேடிக்கு மூக்கால் ஒலிக்கும் உச்சக் குரல், மார்ஷலுக்கு இன்றைய கனத்த குரல். ஷேடியைப் பார்த்து மார்ஷல் சொல்கிறவை பலவும் வெளியில் விமர்சகர்கள் சொல்லிவந்தவையே. கடைசியில் சுட்டுக் கொல்கிறார், பிறகு விழித்து எழுந்து மேனேஜர் பாலுக்குப் போன் செய்கிறார், எல்லாம் கனவு. இந்த ஒரு பாட்டுக்காகவே ஆல்பத்தை வரிசையாகக் கேட்கச் சொல்வேன். முதல் பன்னிரண்டில் எரிச்சலூட்டியவை பலவும் இங்கே வந்து கணக்குத் தீர்கின்றன.

சிக்கல் அதன் பிறகுதான். 14-இல் 'ஹெட் ஹாஞ்சோ', ஃபிலிப்பைன்ஸ் பாடகர் எஸ் மில்லுக்கு எமினெமின் நிறுவனம் கொடுக்கும் அறிமுகம். 16-இல் 'பேட் ஒன்', 17-இல் 'டோபி'. மூன்றும் கதைக்கு வெளியே. செத்தவன் பேசியதுபோலவே உயிரோடு இருப்பவனும் பேசுகிறான். 'டோபி' தனிப்பாட்டாக எனக்குப் பிடிக்கும். பேபிட்ரான், பிக் ஷான், எமினெம் என்று எமினெமின் ஊரான டெட்ராய்ட் பக்கத்து ராப்பின் மூன்று தலைமுறை ஒரே பீட்டில் நிற்கிறது. ஆனால் அது நிற்க வேண்டிய இடம் 13-க்கு முன்னால். கதை ஆல்பம் என்று சொல்லிவிட்டுப் பாதி தாண்டியதும் கதையை விட்டுவிட்டார் என்ற புகாரை வலுவானதாகவே எடுத்துக்கொள். ஆல்பத்தைக் கொண்டாடுகிறவர்கள் இதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

விற்பனையை வைத்து யாராவது வாயை அடைக்கப் பார்த்தால் இதைச் சொல். முதல் வாரம் அமெரிக்காவில் 2,81,000 யூனிட், பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம், டெய்லர் ஸ்விஃப்டின் 12 வார ஓட்டத்தை அது நிறுத்தியது. 2000-இல் 'மார்ஷல் மேதர்ஸ் எல்பி' முதல் வாரம் 17 லட்சத்து 60 ஆயிரம் பிரதி. வீழ்ச்சி என்று இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் இரண்டும் ஒரே கணக்கல்ல. அன்று எண்ணியது கடையில் விற்ற தட்டு. 2024-இல் கட்டணம் கட்டிக் கேட்கும் 1,250 ஸ்ட்ரீம் ஒரு யூனிட், விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்டால் 3,750. எந்தக் கணக்கானாலும் பாட்டு நல்லதா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

நீ உன் கருத்தை எழுதும்போது பாட்டின் பெயரோடு நிமிடத்தையும் விநாடியையும் போடு. "ஃப்ளோ சரியில்லை" என்றால் எதிரில் இருப்பவர் "உனக்கு ராப் புரியவில்லை" என்பார், அத்தோடு முடிந்தது. எந்தச் சரணத்தில் எந்த இடத்தில் மூச்சு உடைகிறது என்று எழுதினால் அவர் போய்க் கேட்டுவிட்டுத்தான் வர வேண்டும். ஒப்பிடுவதாக இருந்தால் 2000-ஐ விட்டுவிட்டு 2020-இல் வந்த 'மியூசிக் டு பி மர்டர்ட் பை'யோடு ஒப்பிடு. இருபத்தேழு வயதுக் குரலை ஐம்பத்தொன்றில் தேடுவது விமர்சனத்தில் சேராது.

'டெம்பரரி'யையும் 'சம்படி சேவ் மீ'யையும் நீ தாவிவிட்டாய் என்று நினைக்கிறேன், கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. முதலாவதில் மகள் ஹெய்லியின் சிறுவயதுக் குரல் வருகிறது. தான் இல்லாத காலத்துக்காக அவளுக்கு எழுதி வைத்த பாட்டு. இரண்டாவது, ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, பாடகர் ஜெல்லி ரோலின் பல்லவியோடு ஓடுகிறது. 2007 டிசம்பரில் மாத்திரை மிகையாகி விழுந்தபோது பிழைக்காமல் போயிருந்தால் எதையெல்லாம் பார்த்திருக்க மாட்டார் என்ற பட்டியல் அது. இந்த இரண்டிலும் வெட்டு குறைவு, எதுகை குறைவு, வாக்கியம் வாக்கியமாகவே முடிகிறது. பதின்மூன்றை முடித்ததும் நேராகப் பதினைந்துக்கும் பிறகு பத்தொன்பதுக்கும் போய் ஒரு முறை கேள். கேட்டுவிட்டுத் திரும்பவும் எழுது.

அன்புடன்,
அண்ணன்