மழைக் காட்சியைப் பற்றி

அன்பு மகளுக்கு,

உன் திரைக்கதையின் முழுப் பிரதியையும், அதற்குப் பட்டறை நடுவர்கள் எழுதிய மதிப்புரையையும் அடுத்தடுத்து வாசித்து முடித்தேன். சினிமாவை அறிந்தவர்கள் உன் எழுத்தை இவ்வளவு மனமுவந்து பாராட்டியிருப்பது எனக்கும் அம்மாவுக்கும் பெரும் நிறைவைத் தந்தது. ஆயினும் சிற்றூர் வாழ்வின் எளிமையையும் அழகையுமே அவர்கள் திரும்பத் திரும்பப் புகழ்கிறார்கள். உன் எழுத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

அவர்கள் கவித்துவமானது என்று குறிப்பிட்டிருக்கும் மழைக் காட்சியையே எடுத்துக்கொள். ஜூன் மாதத்து விடியற்காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டப் புறப்பட்ட தகப்பன், தூறல் விழுவதைக் கண்டு, நெற்றியில் கட்டிய விளக்கை அணைத்துவிட்டுத் திண்ணையிலேயே அமர்ந்துவிடுகிறான். உள்ளே விழித்துக் கிடக்கும் மகளுக்கு அந்த விளக்கணையும் ஓசை மட்டும் கேட்கிறது. வெட்டுப்பட்டை நனைந்தால் பால் வெட்டிய சாலில் இறங்காமல் மரமெங்கும் பரந்து வழியும் என்பதும், மரத்தில் கட்டிய சிரட்டையில் விழுந்த பாலும் மழைநீரோடு போய்விடும் என்பதும், அன்று வெட்டில்லையென்றால் கூலியுமில்லை என்பதும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், அந்த ஓசையிலேயே பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தியைத் தன் வீட்டின் கணக்கைப் புரிந்துகொள்ள வைத்திருக்கிறாய் மக்களே. அவள் வளர்ந்துவிட்டாள் என்பதை நான் அந்த இடத்தில்தான் நம்பினேன்.

பேச்சுமொழியைப் பொதுவாக்கலாம், முடிவைச் சற்றுப் பெரிதாக்கலாம் என்று அவர்கள் கூறியிருக்கும் இரண்டு யோசனைகளையும் நீ ஏற்க வேண்டாம் என்பதே என் கருத்து. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தோடு இருந்த மண் இது. கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் பேச்சில் மலையாளம் கலந்திருப்பது இயல்பு. இதே மாவட்டத்துத் தோவாளைத் தாலுகாக்காரர் பேச்சோ வேறு விதம். உன் பாத்திரங்களின் வாயிலிருந்து அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டால், அவர்கள் எந்த ஊர்க்காரர்களும் இல்லாமல் போய்விடுவார்கள். முடிவைப் பொறுத்தவரை, நாம் எல்லோரும் சேர்ந்து பார்த்த ‘மகேஷிண்டெ பிரதிகாரம்’ என்ற மலையாளப் படத்தை நினைத்துக்கொள். அடிபட்டவன் திருப்பி அடிக்கும்வரை செருப்பணிய மாட்டேன் என்று இருக்கும், இடுக்கிச் சிற்றூரின் சின்னஞ்சிறு கதை அது. அதை எழுதிய சியாம் புஷ்கரனுக்கு 2016ஆம் ஆண்டின் சிறந்த அசல் திரைக்கதைக்கான தேசிய விருது கிடைத்தது. உன் கதையும் அந்தப் பெண் பேருந்துக்குக் காத்து நிற்கும் இடத்திலேயே முடியட்டும். அவள் சென்னையில் வென்றாளா என்பதை நாங்கள் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

அத்தை வரும் காட்சிகள் சற்று நீளம். அவற்றை நீயே குறைத்துவிடுவாய்.

ஆனால் ஒரு பிழையைக் கட்டாயம் திருத்த வேண்டும். காலையில் ஆசிட் ஊற்றி உறையவைத்த பால், அன்று மாலையே புகையில் காய்ந்த ரப்பர் ஷீட்டாகக் கடைக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். ரோலரில் அழுத்தி எடுத்த ஷீட் புகைக்கூட்டில் நான்கு நாட்களாவது காய வேண்டும் என்பதை உன் சித்தப்பாவும் என்னிடம் உறுதிசெய்தார். அந்த நான்கு நாட்களைக் கதைக்குள் கொண்டுவந்தால், கட்டணம் செலுத்தும் கடைசி நாள் கண்ணெதிரே கடந்து போகும்போது தகப்பனும் மகளும் ஒருவரையொருவர் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று எழுத உனக்கு இடம் கிடைக்கும். திருத்திய பிரதியை அச்செடுத்து அனுப்பு. கைப்பேசியில் வாசிக்கச் சித்தப்பாவுக்குக் கண் ஒத்துழைப்பதில்லை, அவரும் வாசிக்க வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அப்பா