சில்லறையாகத் தரும் சளி மாத்திரைகளுக்குத் தூக்க எச்சரிக்கை கேட்டு மனு

அனுப்புநர்:
லோடு வண்டி ஓட்டுநர் ஒருவரின் மனைவி,
ஒட்டன்சத்திரம் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: மருந்துக் கடைகளில் அட்டையிலிருந்து வெட்டித் தரும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளுக்குப் பெயரும் எச்சரிக்கையும் தமிழில் எழுதித் தர உத்தரவிடக் கோருதல்.

ஐயா, வணக்கம்.

என் கணவர் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து இரவில் லோடு ஏற்றிக்கொண்டு பாலக்காடு போகிறவர். சென்ற ஐப்பசியில் தும்மலும் மூக்கொழுகலுமாக இருந்ததால் ஒரு மெடிக்கலில் "சளிக்கு ஒரு செட்" கேட்டு வாங்கினார். காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். ஒரு வேளைக்கு மூன்று மாத்திரை. அதில் ஒன்று மஞ்சளாக, மிளகை விடக் கொஞ்சம் பெரிசு. பெயர் இல்லை, யாரும் ஒன்றும் சொல்லவும் இல்லை. ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார். பழனி தாண்டியதும் கண் சொருகி, வண்டி புளியமரத்தில் மோதியது. வலது கால் முறிந்து நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். இருபது வருடமாக இரவில் ஓட்டுகிறவர். "தூக்கம் வந்ததே தெரியல" என்று இன்றும் சொல்கிறார்.

சட்டைப்பையில் மிச்சமிருந்த பொட்டலத்தைப் பார்த்த டாக்டர், மஞ்சள் மாத்திரை குளோர்பெனிரமின் என்ற ஒவ்வாமை மருந்தாக இருக்கும் என்றார். கடையில் போய்க் கேட்டபோது, ஆமாம் என்றார்கள்.

மருந்தின் மேல் எனக்குக் கோபமில்லை. என் மகளுக்கு உடம்பெல்லாம் தடித்து அரித்த ஒரு ராத்திரி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இதே மாத்திரையில்தான் அரிப்பு அடங்கித் தூங்கினாள். பூச்சிக்கடிக்கும் ஒவ்வாமைக்கும் நன்றாகக் கேட்கும். ஆனால் இது மூளைக்குள்ளும் போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தையும் தடுத்துவிடுகிறது என்று டாக்டர் விளக்கினார். இரவு போட்டால் மறுநாள் காலையிலும் மந்தம் இருக்கலாம். மது சேர்ந்தால் இன்னும் மோசம். புராஸ்டேட் வீக்கமுள்ள பெரியவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். குளோர்பெனிரமினும், மூக்கடைப்புக்குத் தரும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லியிருக்கிறது.

1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 'ஜி' அட்டவணையில் குளோர்பெனிரமின், பெனிரமின், புரோமெத்தசின் என்ற தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்துகள் எல்லாமே இருக்கின்றன. அந்த அட்டவணை மருந்துகளுக்கு, மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் உட்கொள்வது ஆபத்து என்று லேபிளில் கட்டம் கட்டி அச்சிட வேண்டும் என்பது விதி. சரி, அச்சிடுகிறார்கள். ஆனால் அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை கொடுத்தால் அந்தக் கட்டம் கடையிலேயே தங்கிவிடுகிறது. கையில் வந்தாலும் அந்தப் பொடி ஆங்கில எழுத்தை என் கணவரால் படிக்க முடியாது.

ஆகவே, இந்த மாத்திரைகளைப் பெயரில்லாப் பொட்டலமாக விற்பதை நிறுத்தவும், தரும் உறையின் மேல் மாத்திரையின் பெயரோடு "தூக்கம் வரும், வண்டி ஓட்டக்கூடாது" என்று பெரிய தமிழ் எழுத்தில் முத்திரை குத்தித் தரவும், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மூலம் நம் மாவட்டக் கடைகளுக்கு உத்தரவிட வேண்டுகிறேன். ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதும். முதலில் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள கடைகளில் தொடங்கினால் நல்லது. ராத்திரி ஓட்டுநர்கள் மாத்திரை வாங்குவது அங்கேதான். என் கணவர் அடுத்த வாரம் மறுபடி வண்டி ஏறுகிறார்.

இப்படிக்கு,
மனுதாரர்