செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களோடு ஓர் ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவில் கூடியிருக்கும் திரைப்பட மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024–25ஆம் ஆண்டில் நமது மன்றம் ஆற்றிய பணிகள் குறித்த அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார்.

ஓராண்டு முழுவதையும் 1930கள் முதல் 1950கள் வரை ஹாலிவுட்டில் எடுக்கப்பட்ட காதல் நகைச்சுவைப் படங்களுக்கு ஒதுக்கலாம் என்ற தீர்மானம் சென்ற பொதுக்குழுவில் எளிதாக நிறைவேறிவிடவில்லை என்பது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். திரைப்பட மன்றம் என்றால் கனமான படங்களைத்தான் காட்ட வேண்டும், சிரித்துவிட்டுப் போவதற்குத் தொலைக்காட்சி போதும் என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் எடுத்துரைத்தார்கள். அந்த மறுப்பை மதித்தே இதை எழுதுகிறேன். எட்டுப் படங்களைப் பார்த்து முடித்த பிறகு, பார்ப்பவருக்கு இலேசாகத் தோன்றும் ஒரு படத்தின் பின்னால் எவ்வளவு உழைப்பும் கண்டிப்பும் இருந்தன என்பதைப் பதிவு செய்வதே அவர்களுக்கு நான் தரக்கூடிய நேர்மையான பதில் என்று கருதுகிறேன்.

முதல் திரையிடலாக ஃபிராங்க் காப்ரா இயக்கிய 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்' (1934) காட்டப்பட்டது. சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை ஆகிய ஐந்து ஆஸ்கர் விருதுகளையும் ஒருசேரப் பெற்ற முதல் படம் இதுவே. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேறு எந்தப் படத்துக்கும் அது வாய்க்கவில்லை. தந்தையின் பிடியிலிருந்து தப்பி ஓடும் பணக்கார வீட்டுப் பெண்ணாக கிளாடெட் கோல்பெர்ட்டும், வேலையிழந்த செய்தியாளராக கிளார்க் கேபிளும் நியூயார்க்கை நோக்கிப் பேருந்தில் பயணம் செய்கிறார்கள். வழியில் ஒரே அறையில் தங்க நேரும்போது இரு கட்டில்களுக்கும் நடுவே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்கு விவிலியத்தின் எரிகோ மதில் என்று அவன் பெயர் சூட்டுகிறான். இந்த ஒரு போர்வையைக் கொண்டே காப்ரா காதலின் ஒவ்வொரு படியையும் காட்டிவிடுகிறார். அமெரிக்காவில் நான்கில் ஒருவர் வேலையின்றி இருந்த பெருமந்தக் காலம் அது. அதே பேருந்தில் பசியால் ஒரு தாய் மயங்கி விழுவதையும், கையில் மிஞ்சியிருந்த பணம் அவளுடைய சிறுவனிடம் போய்ச் சேருவதையும் படம் ஒளிக்கவில்லை. இந்தக் கதை நம் பக்கத்துக்கும் வந்திருக்கிறது: ராஜ் கபூரும் நர்கிஸும் நடிக்க, 1956இல் சென்னையின் ஏவி.எம். நிறுவனம் இந்தியில் தயாரித்த 'சோரி சோரி' இதன் தழுவலே.

இப்படம் வெளிவந்த சில மாதங்களில், 1934 ஜூலை 1 முதல், ஜோசப் பிரீன் தலைமையிலான தணிக்கை அலுவலகத்தின் சான்றிதழ் பெறாமல் பெரிய நிறுவனங்கள் படங்களை வெளியிட முடியாது என்ற நிலை ஏற்பட்டது. கட்டிலில் ஒன்றாக இருப்பதைக் காட்டக் கூடாது, திருமணத்துக்கு வெளியே உள்ள உறவை மேன்மைப்படுத்தக் கூடாது என்று பல தடைகள் வந்தன. தொடுவதைக் காட்ட முடியாத இடத்தில் பேச்சு அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அதனால்தான் இப்படங்களில் காதலர்கள் ஓயாமல் சண்டை போடுகிறார்கள் என்பதும், சண்டையின் வேகம் கூடக்கூட அவர்கள் நெருங்குகிறார்கள் என்று பார்ப்பவர் புரிந்துகொள்கிறார் என்பதும் நமது கலந்துரையாடல்களில் திரும்பத் திரும்ப வந்த கருத்துகள். பேஸ்பால் ஆட்டத்தில் எதிர்பாராத பக்கம் வளைந்து செல்லும் பந்துவீச்சின் பெயரான 'ஸ்க்ரூபால்' இவ்வகைப் படங்களுக்கு ஒட்டிக்கொண்டது பொருத்தமே.

இரண்டாவதாகக் காட்டிய 'தி ஆஃபுல் ட்ரூத்' (1937) மறுப்பாளர்களுக்கு வலுவான ஒரு சான்றைக் கொடுத்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மணமுறிவு நடைமுறைக்கு வருவதற்குள் ஒருவரையொருவர் மீண்டும் விரும்பத் தொடங்கும் தம்பதியைப் பற்றிய இப்படத்துக்காக லியோ மெக்கேரி சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கரைப் பெற்றார். ஆனால், பிள்ளைகளால் பிரித்து வைக்கப்படும் முதிய தம்பதியைப் பற்றி அதே ஆண்டு தாம் எடுத்த 'மேக் வே ஃபார் டுமாரோ' படத்துக்கே அது கிடைத்திருக்க வேண்டும் என்று அவர் மேடையிலேயே சொன்னார். எடுத்தவரே அப்படி நினைத்திருக்கும்போது நாம் ஏன் இதைத் தூக்கிப் பிடிக்கிறோம் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். என் கருத்து வேறு. எழுதி வைத்த வசனத்தை நம்பாமல், அன்றன்று படப்பிடிப்புத் தளத்தில் கேரி கிராண்ட்டையும் ஐரீன் டன்னையும் பேசவிட்டுக் காட்சிகளை உருவாக்கிய மெக்கேரியின் முறை கிராண்ட்டைப் படத்திலிருந்து விலக முயலும் அளவுக்குக் கலங்க வைத்தது. அந்தக் கலக்கத்திலிருந்துதான் பின்னர் முப்பது ஆண்டுகள் உலகம் விரும்பிய கேரி கிராண்ட் பிறந்தார் என்பதை இப்படத்தைப் பார்த்தவர்கள் உணர்வார்கள்.

ஹோவர்ட் ஹாக்ஸின் 'பிரிங்கிங் அப் பேபி' (1938) நமது கூடத்தில் பெற்ற வரவேற்பு, வெளிவந்தபோது அமெரிக்காவில் பெற்றதைவிட மிக நன்றாக இருந்தது. அன்று அது பணத்தை இழந்தது. அவ்வாண்டே திரையரங்க உரிமையாளர்கள் கொடுத்த ஒரு விளம்பரத்தில், வசூலைக் கெடுக்கும் நட்சத்திரங்களின் வரிசையில் கேத்தரின் ஹெப்பர்னின் பெயரும் இடம்பெற்றது. நகைச்சுவையில் பழக்கமில்லாத ஹெப்பர்ன் தொடக்கத்தில் சிரிக்க வைப்பதற்காகவே நடித்ததால் காட்சிகள் தேறவில்லை. மேடை நகைச்சுவையில் ஊறிய வால்டர் கேட்லெட்டை அழைத்து அவருக்குச் சொல்லிக்கொடுக்கச் செய்தார் ஹாக்ஸ். கதாபாத்திரத்துக்கு அந்த வேளையில் எது முக்கியமோ அதை முழு மனத்தோடு செய், சிரிப்பு தானாக வரும் என்பதுதான் பாடத்தின் சாரம். சிறுத்தையைத் தேடி இருட்டில் அலையும் ஹெப்பர்னின் முகத்தில் வேடிக்கை துளியும் இல்லை என்பதை, இரண்டாம் முறை பார்த்த உறுப்பினர்கள்தான் கவனித்துச் சொன்னார்கள்.

இவ்வாண்டின் மிகப் பெரிய பணி மூன்று படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதியது. ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத உறுப்பினர்கள் பாதியில் எழுந்து போவதைக் கண்ட செயற்குழு, நால்வர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. அவர்கள் முதலில் எடுத்துக்கொண்டது, இருப்பதிலேயே கடினமான 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940). மூல நாடகத்தில் ஆணாக இருந்த நிருபர் ஹில்டியை ஹாக்ஸ் பெண்ணாக்கி, செய்தித்தாள் ஆசிரியர் வால்டரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கினார். ரோசலிண்ட் ரஸலும் கேரி கிராண்ட்டும் ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கிவிடுவார்கள். திரையில் ஒரு நேரத்தில் இரண்டு வரிகளுக்கு மேல் நிற்காது. தமிழ்ச் சொற்களோ நீளமானவை. முதல் வரைவு வாசிக்கவே முடியாததாக இருந்தது. பேச்சு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பொருள் கெடாதபடி, வாக்கியத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் தேவையற்ற சொற்களைச் சேர்த்தே எழுதச் செய்ததாக ஹாக்ஸ் சொல்லியிருக்கிறார் என்பது தெரிந்த பிறகுதான் வழி திறந்தது. தலையையும் வாலையும் விட்டு நடுப்பகுதியை மட்டும் தமிழாக்கியபோது சப்டைட்டில் பேச்சோடு ஓடியது.

அதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் யாவரையும் ஒரே சொல்லால் அழைத்துவிடலாம். தமிழில் 'நீ'யா 'நீங்கள்' என்பதா என்று முடிவு செய்யாமல் ஒரு வரிகூட எழுத முடியாது. மணமுறிவு பெற்ற ஒரு பெண், முன்னாள் கணவரும் முன்னாள் மேலதிகாரியுமான ஒருவரை எப்படி அழைப்பாள் என்பதை ஒரு மாலை முழுவதும் விவாதித்தார்கள். இருவரும் ஒரே செய்திக்கு ஓடியவர்கள், ஆகவே இருபுறமும் 'நீ' என்று முடிவாயிற்று. ஹில்டி மணக்கவிருக்கும் காப்பீட்டு முகவர் புரூஸுக்கும் அவளுக்கும் இடையே மட்டும் 'நீங்கள்' என்று வைத்தார்கள். இதனால் முடிவு பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடுகிறது என்று ஒருவர் குறை கூறினார். ஆங்கிலத்திலும் அது அப்போதே தெரிகிறது, வசனத்தின் வேகத்தில் தெரிகிறது என்பது துணைக்குழுவின் பதில். அதை நான் ஏற்கிறேன். 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்திலும் இதே இடத்தில் நின்று தோற்பவர், புரூஸாக நடித்த இதே ரால்ஃப் பெல்லமிதான் என்பதை உறுப்பினர்கள் கைதட்டி அடையாளம் கண்டுகொண்டார்கள்.

எர்ன்ஸ்ட் லூபிட்ச்சின் 'தி ஷாப் அரௌண்ட் தி கார்னர்' (1940) இவ்வாண்டின் மிகச் சிறந்த மாலையை நமக்கு அளித்தது. புடாபெஸ்டில் ஒரு சிறு கடையில் வேலை செய்யும் கிராலிக்கும் கிளாராவும் பகலில் ஒருவரையொருவர் சகிக்க முடியாமல் வாதாடுகிறார்கள். இரவில், யாரென்று அறியாமலேயே, ஒருவருக்கொருவர் அழகான கடிதங்கள் எழுதுகிறார்கள். தையற்காரரான தந்தையின் கடையில் இளமையில் வேலை பார்த்த லூபிட்ச்சுக்கு, வேலை போய்விடுமோ என்று பயப்படும் விற்பனையாளரின் முகம் நன்றாகத் தெரிந்திருந்தது. கடிதம் வந்திருக்கிறதா என்று அஞ்சல் பெட்டியின் உள்ளே துழாவும் கையுறை அணிந்த ஒரு கையையும், அது வெறுமையாக இருப்பதைக் கண்ட முகத்தையும் அவர் சில விநாடிகளே காட்டுகிறார். அந்தச் சில விநாடிகளில் கூடத்தில் ஓசையே இல்லை. கடிதங்களில் 'நீ' என்று எழுதலாம் என முதலில் எண்ணியபோது, முகமறியாத ஆணுக்கு எந்தப் பெண்ணும் அப்படி எழுதமாட்டாள் என்று துணைக்குழுவில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை தடுத்தார். எனவே கடையிலும் கடிதத்திலும் 'நீங்கள்' என்றே வைத்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் கிராலிக் தன்னை வெளிப்படுத்தும் இடத்துக்காக ஒரே ஒரு 'நீ'யைச் சேமித்து வைத்தார்கள். அது திரையில் தோன்றியபோது என் பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

லூபிட்ச்சின் 'நினோச்கா' (1939) அதற்கு முந்தைய மாதம் காட்டப்பட்டது. நாயகி கிரெட்டா கார்போ சிரிக்கிறார் என்பதையே விளம்பரமாக்கிய படம் இது; எந்த நகைச்சுவைத் துணுக்குக்கும் அசையாதவர், அதைச் சொன்னவர் நாற்காலியோடு சாயும்போது வெடித்துச் சிரிக்கும் காட்சி இன்றும் தவறாமல் வேலை செய்கிறது. பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் 'தி லேடி ஈவ்' (1941) நடுவில் புரொஜெக்டர் விளக்கு பழுதடைந்ததால் பாதியில் நின்று, அடுத்த வாரம் முழுவதுமாக மீண்டும் காட்டப்பட்டது. வெளியூரிலிருந்து வந்திருந்த உறுப்பினர்களிடம் செயற்குழு சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன்.

இறுதியாக, வில்லியம் வைலரின் 'ரோமன் ஹாலிடே' (1953). கதையை எழுதிய டால்டன் ட்ரம்போ அப்போது, கம்யூனிஸ்ட் தொடர்பைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டவர்களின் பட்டியலான ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்ததால் நண்பர் இயன் மெக்லெல்லன் ஹண்டரின் பெயரில் அது வெளிவந்தது. அதற்குக் கிடைத்த ஆஸ்கர், ட்ரம்போ இறந்து பதினேழு ஆண்டுகளுக்குப் பின், 1993இல்தான் அவர் பெயரில் வழங்கப்பட்டது. இத்தகைய நிழல் படிந்த காலத்தில் ரோம் நகரின் வெயிலில் இவ்வளவு மென்மையான படம் எடுக்கப்பட்டிருக்கிறது. ஒருநாள் முழுவதும் 'நீ' என்று பேசிக்கொண்ட நாயகியும் நாயகனும் செய்தியாளர் சந்திப்பில் இளவரசியாகவும் நிருபராகவும் எதிரெதிரே நிற்கும்போது, சப்டைட்டிலில் 'தாங்கள்' என்று வந்தது. அந்தப் பிரிவின் முழுக் கனமும் அச்சொல்லில் இருந்ததாகப் பலர் கூறினார்கள்.

பெண் உறுப்பினர்கள் எழுப்பிய ஓர் ஆட்சேபம் குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. பெண்ணை அறைந்தால் சரியாகிவிடுவாள் என்ற தொனியில் சில வசனங்கள் இப்படங்களில் வருகின்றன. காப்ராவின் படமும் இதற்கு விலக்கல்ல. அவற்றை மென்மைப்படுத்தாமல் அப்படியே காட்டி, படம் முடிந்ததும் அது பற்றிப் பேசுவது என்று முடிவு செய்தோம். அது தொடர வேண்டும் என்பது என் பரிந்துரை.

கூடத்தின் எதிரொலியால் வேகமான வசனம் தெளிவாகக் கேட்காததை அடுத்து, சுவர்களில் ஜமக்காளங்கள் தொங்கவிடப்பட்டன. வீடுகளிலிருந்து அவற்றைக் கொண்டுவந்த உறுப்பினர்களுக்கும், சப்டைட்டில் துணைக்குழுவுக்கும், இரவு வெகுநேரம் கூடத்தைத் திறந்து வைத்திருந்த காவலருக்கும் மன்றத்தின் நன்றி உரியது. வரும் ஆண்டில் 'தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி' (1940), 'சம் லைக் இட் ஹாட்' (1959) ஆகியவற்றுக்கும் தமிழ் சப்டைட்டில் எழுதவும், புரொஜெக்டருக்கு மாற்று விளக்கு ஒன்று வாங்கவும் செயற்குழு பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறது. இரண்டாவது படத்தில் ஆண்கள் இருவர் பெண் வேடத்தில் திரிவதால் 'அவன்', 'அவள்' என்பதை எங்கே மாற்றுவது என்ற விவாதம் துணைக்குழுவில் இப்போதே தொடங்கிவிட்டது. விருப்பமுள்ளவர்கள் அதில் சேரப் பெயர் கொடுக்கலாம்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்