பாப்பாவைக் கபடியிலிருந்து நிறுத்தாதே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, இனிமேல் பாப்பாவைக் கபடிக்கு அனுப்பப் போவதில்லை என்று சொன்னாய். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன்.

உடம்புக்கு நல்லது, செல்போனை நோண்டாமல் இருப்பாள் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. அதற்குத் தெருவில் ஓடி விளையாடினாலே போதும். போட்டி வேண்டும் என்று நான் சொல்வது வேறு காரணத்துக்காக. நம் பிள்ளைகளுக்கு நாலு பேர் முன்னால் தோற்றுப் பழக வேறு இடமே இல்லை. பரீட்சையில் மார்க் குறைந்தால் பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். களத்தில் அது நடக்காது. ரெய்டு, அதாவது எதிரணிப் பக்கம் போய்த் தொட்டுவிட்டுத் திரும்புவது, அதற்குப் போகிறவளுக்கு 30 விநாடி, எதிரே ஏழு பேர், அணி தொடர்ந்து இரண்டு ரெய்டில் வெறுங்கையோடு திரும்பியிருந்தால் மூன்றாவது போகிறவள் புள்ளி எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவளே அவுட். அந்த நேரத்தில் பதினாலு வயசுப் பொண்ணு ஒருத்தி “நான் போறேன்” என்று கோட்டைத் தாண்டுகிறாளே, அந்தத் துணிச்சலை எந்த டியூஷனில் சேர்த்து வாங்குவாய்?

அப்புறம், அவுட்டானதோடு ஆட்டம் முடிவதில்லை. கூட ஆடுகிறவள் எதிரணியில் ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினால் வெளியே போனவள் மறுபடி உள்ளே வரலாம். பிடிபட்ட ஆத்திரம் அடங்குவதற்குள்ளேயே அடுத்தவளுக்காகக் கத்த வேண்டும். எனக்குக் கபடியில் ரொம்பப் பிடித்ததே இதுதான்.

நம் இந்தியப் பெண்கள் அணியையே பார். 2010, 2014 இரண்டு ஆசிய விளையாட்டிலும் தங்கம். 2018-ல் ஜகார்த்தாவில் இறுதிப் போட்டியில் ஈரானிடம் 24-27 என்று தோற்றார்கள். ஐந்து வருஷம் கழித்து சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் சீன தைபே என்ற பெயரில் ஆடும் தைவானை 26-25 என்று ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்துத் தங்கத்தைத் திரும்ப வாங்கினார்கள். சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவை உனக்கே தெரியும், 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். அதுவரை அந்த ஊர் பெயர் எதற்கெல்லாம் செய்தியில் வந்தது என்று யோசித்துப் பார்.

பாப்பாவும் அப்படி வருவாள் என்று நான் சொல்லவில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது என்று மாமா கணக்குப் போட்டால் அதையும் நம்ப வேண்டாம், அது கிடைப்பது ரொம்பச் சிலருக்குத்தான். முட்டி போய்விடும் என்ற உன் பயம் மட்டும் நியாயமானது. சரியாக வார்ம்-அப் செய்ய வைக்கிறாரா, வலிக்கிறது என்றால் உட்கார வைக்கிறாரா என்று பி.டி. சாரிடம் நேராகவே கேள். இல்லையென்றால் சண்டை போடு, நானும் வருகிறேன். ஷார்ட்ஸ் போடுவதைப் பற்றிப் பேசும் சொந்தக்காரர்களுக்கு நீ பதிலே சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் பயிற்சியை வேண்டுமானால் சாயங்காலம் ஒரு மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளட்டும், ஒரேயடியாக நிறுத்தாதே. சனிக்கிழமை குறுவட்டப் போட்டிக்கு நீயும் மாமாவும் போங்கள். தோற்று வந்தால் அன்றைக்கு ராத்திரி மட்டும் படிப்புப் பேச்சை எடுக்காதே. தப்பு எங்கே நடந்தது என்று அவளே சொல்வாள், கேட்டுக்கொள்.

அன்புடன்,
உன் தம்பி